கோடு ஏற்கனவே இறங்கிக்கொண்டிருந்தது

அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு நடக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் "ஆஸ்திரேலியாவைப் பாருங்க" என்பார். சரி, பார்த்துடலாம் என்று சில ராத்திரிகள் உட்கார்ந்தேன்.

1996 ஏப்ரல் 28. டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். ஜான் ஹோவர்ட் பிரதமராகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 12 நாளில் எல்லா மாநிலங்களையும் ஒரே உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். எதிர்ப்பு அவருடைய சொந்த கிராமப்புற ஆதரவாளர்களிடமிருந்தே வந்தது. விக்டோரியாவில் ஒரு கூட்டத்தில் கோட்டுக்குள் குண்டு துளைக்காத கவசம் போட்டுக்கொண்டு பேசினார்.

செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களுக்குத் தடை. துப்பாக்கி வாங்க 28 நாள் காத்திருப்பு. தற்காப்புக்கு என்று சொன்னால் லைசென்ஸ் கிடையாது. ஒரு வருஷம் 0.2 சதவீதம் கூடுதல் வரி போட்டு, சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை விலைக்கு வாங்கி அழித்தார்கள்.

பலன்? அதற்கு முந்தைய 18 ஆண்டுகளில் ஐந்து பேரோ அதற்கு மேலோ பலியான சம்பவங்கள் 13. அதன்பின் 2018 வரை ஒன்றுகூட இல்லை.

ஆனால் மொத்தத் துப்பாக்கிச் சாவுகள்? எங்கள் வேலையில் புது ரிலீஸ் போட்டதும் எரர் குறைந்தால் முதலில் கேட்பது: ரிலீசுக்கு முன்னாடியே குறைஞ்சுட்டு இருந்ததா? இங்கே ஆமாம். 1979லிருந்தே ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் குறைந்துகொண்டிருந்தது. 1996க்குப் பின் வேகம் கூடியது. ஆனால் துப்பாக்கி இல்லாத தற்கொலை, கொலைகளும் குறைந்தன. அதனால் சட்டம்தான் காரணம் என்று அறுதியிட முடியாது என்று 2016ல் எழுதியவர் சைமன் சாப்மன். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகவே பிரச்சாரம் செய்தவர்! அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

இன்னொரு சோதனை உண்டு. எல்லா மாநிலத்திலும் ஒரே அளவில் துப்பாக்கி திரும்பி வரவில்லை. ஆண்ட்ரூ லீ, கிறிஸ்டின் நீல் இருவரும் 2010ல் இதை ஒப்பிட்டார்கள். அதிகம் வாங்கப்பட்ட மாநிலங்களில் துப்பாக்கித் தற்கொலை அதிகமாகக் குறைந்திருந்தது. எனக்கு இதுதான் வலுவான சான்றாகப் படுகிறது.

துப்பாக்கிச் சாவுகளில் பெரும்பகுதி தற்கொலைதான். கையில் துப்பாக்கி இருந்தால் மனசு மாற நேரம் கிடைக்காது. 28 நாள் என்பது அந்த நேரம்.

வெறியனைத் தடுக்கப் போட்ட சட்டம், ஏதோ ஒரு பண்ணை வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்த ஒருத்தரைக் காப்பாற்றியிருக்கலாம். அவருக்கே அது தெரிந்திருக்காது. எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் வராது.