தந்தையைப் படம் பிடித்த மகன்

இம்மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த இளைஞர்கள், நம் சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்களின் இளமைக்கால நிழற்படங்கள் கிடைக்குமா என்றும் வினவினர். கிடைத்தவை சில. அவற்றிலும் வெள்ளைச் சட்டை தெரிகிறதேயன்றி முகம் தெரியவில்லை. நிழற்படக்காரர்கள் நம் நிறத்தின்மீது பழி போட்டதை நான் சிறுவயதில் கேட்டதுண்டு. பழி நிறத்தினுடையதன்று, விளக்கு வைத்தவருடையது என்பதை, ஹாஸ்கல் வெக்ஸ்லர் என்னும் அமெரிக்க ஒளிப்பதிவாளரின் வரலாற்றால் பின்னரே அறிந்தேன்.

அவர் 1922ஆம் ஆண்டு சிகாகோ நகரில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தவர். ஆயினும் உழைப்பாளர் பக்கமும் கறுப்பின மக்கள் பக்கமும் நின்றார். 1963ஆம் ஆண்டு மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய வாஷிங்டன் பேரணிக்குப் பேருந்தில் சென்றவர்களுடன் தாமும் பயணம் செய்து, அதனை ஆவணப்படமாக்கினார். 1967இல் வெளிவந்த ‘இன் தி ஹீட் ஆஃப் தி நைட்’ படத்தில் சிட்னி பாய்ட்டியர் என்னும் கறுப்பின நடிகர் துப்பறியும் அதிகாரியாக நடித்தார். வெள்ளை முகங்களுக்கென்று பழகிய ஒளியமைப்பு, கரிய முகத்தில் கூசும் பளபளப்பை உண்டாக்கி, கண்ணும் வாயும் தெளிவுறாதபடி செய்துவிடும். வெக்ஸ்லர் ஒளியைக் குறைத்து மாற்றியமைத்தார். பாய்ட்டியரின் முகத்தில் சினமும் பெருமிதமும் துலங்கின. விளக்கை நகர்த்துவது சிறிய செயல்தான். அதுவரை பலருக்கும் அது தோன்றவில்லையே! சிறந்த ஒளிப்பதிவுக்கான ஆஸ்கார் விருதை இருமுறை பெற்ற அவரது பணிகளுள் இதனையே நான் முதன்மையாகக் கருதுவேன்.

எண்பது வயதைக் கடந்த இப்பெரியவரை அவருடைய மகன் மார்க் படம் பிடித்து, 2004இல் ‘டெல் தெம் ஹூ யூ ஆர்’ என்னும் ஆவணப்படமாக வெளியிட்டார். மகனோ அரசியலில் தந்தைக்கு மாறானவர். அமெரிக்க அதிபரின் விமானத்தைப் பற்றிப் படமெடுத்தவர். புகழுரையை எதிர்பார்த்து அமர்வோர் ஏமாறுவர். கேமராவை எங்கே வைப்பது என்று தந்தை மகனுக்கே பாடம் நடத்துகிறார், கடிந்துகொள்கிறார். ஓரிடத்தில், போர் எதிர்ப்புப் பேரணி நாளில், தந்தை முக்கியமான ஒன்றைச் சொல்ல முற்படுகிறார். மாலைக் கதிரொளி அழகாயிருக்கிறது, வெளியே வந்து சொல்லுங்கள் என்கிறார் மகன். தந்தைக்குச் சினம் மூள்கிறது. ஒளியே தொழிலாகக் கொண்டவர் ஒளி வேண்டாம், சொல்லைக் கேள் என்கிறார்! அவரைக் குறைகூறியோரின் சொற்களையும் மகன் நீக்கவில்லை. ‘ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்’ படத்திலிருந்து அவர் இடையிலே நீக்கப்பட்ட செய்தியும் அதில் வருகிறது.

இளைஞர்களே, இன்று உங்கள் ஒவ்வொருவர் கையிலும் கேமராவுள்ள கைப்பேசி இருக்கிறது. பறையடித்த, கூத்தாடிய முதியோர் நம் தெருக்களில் இன்னும் சிலர் உள்ளனர். அவர்களைப் படம் பிடிக்கும்போது கோபத்தையும் விட்டுவிடாதீர்கள். என் தந்தையின் குரல்கூட என்னிடம் பதிவாக இல்லை.

வெக்ஸ்லர் 2015 டிசம்பரில், 93ஆம் வயதில் மறைந்தார். மார்க்கின் படத்தில் என் நெஞ்சைவிட்டு அகலாத காட்சி ஒன்றுண்டு. மணமுறிவால் பிரிந்த, நினைவிழப்பு நோயுற்ற மார்க்கின் தாயைக் காண வெக்ஸ்லர் செல்கிறார். மகனிடம் ஓயாது வாதிட்ட அம்மனிதர் அவ்வம்மையாரின் அருகில் அமர்ந்து மெல்லப் பேசுகிறார். மகன் குறுக்கிடாமல் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்.