பாஸம் என்னும் பெயர்

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்காக 1944இல் லுட்விக் குட்மன் தனிப்பிரிவு தொடங்கிய இடம் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனை. அங்கே நோயாளிகளைப் பார்க்கத் தன்னார்வலராக வந்துபோன ரெஜ் மேலிங், 1960 வாக்கில் அவர்களுக்காக ஒரு கருவி செய்தார். வாயில் வைத்த குழாயை மெல்ல உறிஞ்சினாலோ ஊதினாலோ காற்றழுத்தம் மாறி ஒரு சுவிட்ச் இயங்கும். கழுத்துக்குக் கீழே அசைவற்றவர் அதைக்கொண்டு தட்டச்சு செய்யலாம். 'பேஷண்ட் ஆப்பரேட்டட் செலக்டர் மெக்கானிசம்', அதாவது நோயாளியே இயக்கும் தெரிவுப்பொறி என்பது அதற்கு இட்ட பெயர். முதலெழுத்துகள் நான்கும் சேர்ந்து, வாயில் புரண்டு, 'பாஸம்' ஆயின.

ஆங்கிலத்தில் அதே ஒலியில் ஒரு விலங்கின் பெயரும் உண்டு. அது வர்ஜீனியாப் பழங்குடிகளின் அல்கோன்கிய மொழியிலிருந்து வந்த சொல். கருவிக்கும் அதற்கும் உறவில்லை. கருவியின் பெயருக்குப் பொருத்தமாக வாய்த்தது லத்தீன். அதில் 'போஸ்ஸும்' என்றால் 'என்னால் முடியும்'. 'போட்டிஸ்' என்றால் வல்லவன், 'சும்' என்றால் இருக்கிறேன். இரண்டும் இணைந்த சொல் அது. அந்தப் 'போட்டிஸ்' வடமொழிப் 'பதி'க்கு உடன்பிறப்பு. தளபதி, பூபதி என்று நாம் வழங்கும் அதே பதிதான். அசைய முடியாதவரைத் தன் செயலுக்குத் தலைவராக்கும் கருவிக்கு இதைவிட நல்ல பெயர் அமையாது.

இந்தப் பெயரில் மூச்சு என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். தசைநலிவு நோயால் உடல் முழுதும் முடங்கிய ஹிலரி போல் என்ற ஆங்கிலப் பெண், கால் பெருவிரலின் பதினாறில் ஒரு அங்குல அசைவைக் கொண்டே பாஸத்தை இயக்கிக் கடிதங்களும் கவிதைகளும் எழுதினார். உடலில் எது மிஞ்சியிருக்கிறதோ அது போதும்.

இப்படிப்பட்ட கருவியை மாற்றுத்திறனாளிகளுக்கான துணைக்கருவிகளின் தரவுத்தளத்தில் எங்கே வைப்பது? துணைக்கருவிகளை வகைப்படுத்தும் ஐஎஸ்ஓ 9999 தரத்தில் கணினி உள்ளீட்டுக் கருவிகளுக்கு 22 36 என்ற எண். தொலைவிலிருந்து விளக்கு, கதவு ஆகியவற்றை இயக்குபவை 24 13க்குப் போகும். பாஸமோ தட்டச்சும் செய்தது, விளக்கும் போட்டது, மணியும் அடித்தது. பயனைக் கொண்டு பிரிப்பது சரியான முறைதான். கடைக்கும் காப்பீட்டுக்கும் அது வேண்டும். ஆனால் படுக்கையில் கிடக்கும் மகனுக்காகத் தேடும் தாய்க்கு 22 36 தெரியாது. 'கண் மட்டும் அசைகிறது', 'ஊத முடிகிறது' என்பதுதான் அவருக்குத் தெரியும்.

தேடுபட்டியல் அமைப்பவர்களே, வகை எண்ணுக்குப் பக்கத்தில் 'எதனால் இயக்குவது' என்று ஒரு கட்டம் சேருங்கள். மூச்சு, கண், தாடை, கால்விரல் என்று அதில் எளிய தமிழில் எழுதுங்கள்.