'விபீஷணன்' என்றால் திட்டா, பாராட்டா? ஒரே பெயருக்கு இரண்டு அர்த்தம் வந்தது எப்படி?

தேர்தல் வந்தாலே கட்சித் தாவலும் வந்துவிடும். தாவியவரை பழைய கட்சிக்காரர்கள் 'விபீஷணன்' என்று திட்டுவார்கள். 'நியாயத்தின் பக்கம் வந்த விபீஷணன்' என்று புதிய கட்சிக்காரர்கள் கொண்டாடுவார்கள். இதில் எது சரி?

யார் இந்த விபீஷணன்?

இராவணனின் தம்பி. கம்பர் இவரை வீடணன் என்கிறார். சீதையை விட்டுவிடும்படி அண்ணனிடம் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் பலனில்லை, விரட்டப்பட்டார். அதன் பிறகே இராமனிடம் அடைக்கலம் கேட்டு வந்தார்.

பாராட்டு ஆனது எப்படி?

சரணாகதிக்கு வைணவ மரபு காட்டும் முக்கியமான உதாரணம் இவர்தான். தனுஷ்கோடி போகும் வழியில் உள்ள கோதண்டராமர் கோயில்தான் அவர் அடைக்கலம் புகுந்த இடம் என்பது நம்பிக்கை. இலங்கையின் களனி விகாரையில் இவருக்குத் தனி சந்நிதியே உண்டு.

திட்டு ஆனது எப்படி?

இந்திரஜித் நிகும்பலையில் நடத்திய வேள்வி பற்றி எதிரணிக்குச் சொன்னவர் இவர். வீட்டு ரகசியத்தை வெளியே சொன்னவர் என்ற பழி அப்படி ஒட்டிக்கொண்டது. இராவணனை நாயகனாக்கி 1946-ல் வெளிவந்த புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' இவரைத் துரோகியாகவே காட்டுகிறது. 1948-ல் தடை செய்யப்பட்ட அந்த நூலுக்கு 1971-ல்தான் தடை நீங்கியது.

கம்பர் யார் பக்கம்?

இங்கேதான் கும்பகர்ணன் வருகிறார். நாம் இவரைத் தூங்குமூஞ்சிக்கு மட்டுமே உதாரணம் சொல்கிறோம். ஆனால் அண்ணன் செய்தது தப்பு என்று சபையிலேயே சொன்னவர் இவர். போர்க்களத்தில் தம்பி வந்து 'நீயும் வந்துவிடு' என்று அழைத்தபோது மறுக்கிறார். வளர்த்த அண்ணனுக்காக உயிரைக் கொடுப்பதே தன் கடமை என்கிறார். அதே சமயம் தம்பியைத் துரோகி என்று தூற்றவில்லை. இராமனிடமே இருக்கச் சொல்லி அனுப்புகிறார். ஒருவருக்கு அறம் பெரிது, இன்னொருவருக்கு நன்றி பெரிது. கம்பர் இருவரையும் மதிக்கிறார்.

எப்படிப் புரிந்துகொள்வது?

இனி யாராவது இப்படி ஒரு பெயரைச் சொன்னால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சொல்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார்? கதையின் எந்தப் பகுதியை விட்டுவிட்டார்? அண்ணனிடம் முதலில் நேருக்கு நேர் பேசிப் பார்த்தவர் விபீஷணன். வெற்றி எந்தப் பக்கம் என்று பார்த்துத் தாவுகிறவருக்கு, திட்டாகச் சொன்னாலும் சரி, பாராட்டாகச் சொன்னாலும் சரி, அந்தப் பெயர் பொருந்தாது.