ஊர் இருந்த இடத்தில்: பெயர்ச் சட்டங்களைப் பற்றி

ராயகிரி நகர்ந்ததில்லை. மேற்கே மலை, சிவகிரி கூப்பிடு தூரம். ஆனால் அதன் முகவரி ஓயாமல் நகர்ந்திருக்கிறது. சங்கரன்கோவில் தாலுகா சிவகிரி தாலுகா ஆயிற்று. திருநெல்வேலி ஜில்லா 1986-ல் இரண்டாகப் பிரிந்தபின் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் ஆயிற்று. 1997-ல் மறுபடியும் திருநெல்வேலி. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி. கடைசி மாற்றத்துக்கு நிர்வாகக் காரணம் உண்டு. கலெக்டர் ஆபீஸ் கொஞ்சம் கிட்டே வந்தது. மற்றவை காகிதத்தில் நடந்த யாத்திரைகள்.

1986-ன் பிரிவினையில் ஒரு வேடிக்கை. கட்டபொம்மன் பெயரைத் தாங்கிய மாவட்டத்தில் பாஞ்சாலங்குறிச்சி இல்லை. அது சிதம்பரனார் மாவட்டத்துக்குப் போய்விட்டது. ராயகிரி வட்டாரத்து மனிதனுக்கு வீரம் என்றால் முதலில் நினைவு வருவது நெற்கட்டும்செவலும் பூலித்தேவனும்தான். பெயர் சூட்டியவர்கள் வரைபடத்தைப் பார்த்தார்களா என்பது தெரியாது, பார்க்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இருந்திருக்காது. பெயர் ஊருக்காக அல்ல, மேடைக்காக.

இந்த வேடிக்கை 1997-ல் முடிவுக்கு வந்தது. பஸ்களுக்கு அரசர் பெயர் வைப்பது 1972-லேயே பாண்டியன், பல்லவன், சேரன், சோழன் என்று ஆரம்பித்த வழக்கம். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வந்தபோதுதான், அதாவது ஒரு தலித் வீரனின் பெயர் பஸ்ஸின் பக்கவாட்டில் ஏறியபோதுதான், பெயர் என்பது வெறும் பெயர் அல்ல என்று தென் மாவட்டங்களுக்குத் தெரியவந்தது. அந்த பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். ரத்தம் சிந்தியது, உயிர்கள் போயின. அரசாங்கம் கண்ட தீர்வு எல்லாப் பெயர்களையும் எடுத்துவிடுவது. அந்த ஜூலையில் மாவட்டங்களும் பஸ்களும் பெயரிழந்தன. கட்டபொம்மனும் காமராஜரும் பசும்பொன்னும் ஒரே உத்தரவில் இறங்கிப் போனார்கள். ஒரு பெயரைக் காப்பாற்றுவதைவிட எல்லாவற்றையும் அழிப்பது சுலபமாக இருந்திருக்கிறது.

ஆகவே பெயர் மாற்றுகிற சட்டங்கள் எல்லாமே பொழுதுபோக்கு என்று சிரித்துவிட முடியவில்லை. ராஜபாளையம் தாண்டி வடக்கே போனால் விருதுநகர். அங்கேதான் சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27 அன்று உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கோரிக்கைகள் 12, அவற்றில் ஒன்று ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர். அக்டோபர் 13-ல் இறந்தார். 1963-ல் பூபேஷ் குப்தா கொண்டுவந்த மசோதா ராஜ்ய சபையில் விவாதத்துக்கு வந்தபோது, பெயரை மாற்றி என்ன லாபம் என்று கேட்கப்பட்டது. பார்லிமெண்டை லோக் சபா என்றும் ஜனாதிபதியை ராஷ்டிரபதி என்றும் அழைத்து நீங்கள் கண்ட லாபம் என்ன என்று அண்ணாதுரை திருப்பிக் கேட்டார். மசோதா தோற்றது. கேள்வி தோற்கவில்லை. 1967 ஜூலை 18-ல் சட்டசபைத் தீர்மானம், 1968-ல் பார்லிமெண்டின் சட்டம், 1969 ஜனவரி 14-ல் அமல். இந்தச் சட்டத்தால் ராயகிரியில் ஒரு குளம்கூட நிரம்பவில்லைதான். ஆனாலும் இதை வெட்டிவேலை என்று சொல்ல நாக்கு எழவில்லை. சட்டசபைக்கு வருமுன்பே அது வெளியே ஒரு மனிதனின் உடம்பில் எழுதப்பட்டுவிட்டது. சபை செய்தது பதிவு.

எதிர்த்திசையில் நடப்பது வேறு. 2008-ல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று ஒரு சட்டம். 2011 ஆகஸ்டில் அதை ரத்து செய்ய இன்னொரு சட்டம். தையா சித்திரையா என்ற கேள்விக்கு அறிவார்ந்த ஒரு விவாதம் உண்டு, அறுபது சமஸ்கிருதப் பெயர்களின் சுழற்சி பற்றிய ஆட்சேபம் நியாயமானதும்கூட. புலவர்கள் பேசித் தீராத அதைக் கைதூக்கித் தீர்த்துவிடலாம் என்று சபை நம்பியதுதான் விசித்திரம். இடைப்பட்ட ஏப்ரல்களிலும் பஞ்சாங்கம் வழக்கம்போல் வாசிக்கப்பட்டது. தெற்கத்திக் கரிசலில் பொன்னேர் பூட்டுகிறவன் சித்திரையில்தான் பூட்டினான். ஏர் மழையைக் கேட்கும், கெஜட்டைக் கேட்காது. சில தொலைக்காட்சிகள் மட்டும் சித்திரைத் திருநாள் என்ற பெயரில் அதே சினிமாப் படங்களைப் போட்டன.

பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களும் 1793-ல் நாட்காட்டியைச் சட்டத்தால் மாற்றினார்கள். அவர்களிடம் குறைந்தபட்சம் துணிவு இருந்தது. வாரத்தையே 10 நாளாக்கினார்கள். ஏழு நாளுக்கு ஒருமுறை ஓய்ந்தவன் பத்து நாள் காத்திருக்க நேர்ந்தது. 1806 ஜனவரி 1-ல் நெப்போலியன் பழைய நாட்காட்டிக்கே திரும்பினான். நம் சட்டம் அந்த அளவுக்குக்கூட ஒருவரையும் தொந்தரவு செய்யவில்லை.

மேலவைக் கதை இன்னும் சுருக்கமாகச் சொல்லக்கூடியது. 1986-ல் ஒழித்தார்கள். பிறகு 1989-ல் வேண்டும், 1991-ல் வேண்டாம், 1996-ல் வேண்டும், 2001-ல் வேண்டாம், 2010-ல் வேண்டும், 2011-ல் வேண்டாம். 2010-ல் பார்லிமெண்ட் சட்டமே இயற்றியது. மேலவை ஒருநாளும் கூடவில்லை.

இதே சட்டசபையின் முன்னோடி ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் 1948-ன் 26ஆம் எண் சட்டத்தை இயற்றியது. ஜமீன் ஒழிப்பு. சிவகிரி ஜமீன் போனது அதனால்தான். அதில் ஓட்டைகள் உண்டு. சொந்தப் பண்ணை என்று காட்டிய நிலத்துக்கு ஜமீன்தாரே பட்டா பெற வழி இருந்தது. அளவையும் செட்டில்மெண்டும் வருஷக்கணக்கில் இழுத்தன. ஆனாலும் யார் யாருக்கு வரி கட்டுவது, யார் வாசலில் கைகட்டி நிற்பது என்பது அதனால் மாறியது. அதற்கு விழா எடுத்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

2021 மார்ச்சில் பார்லிமெண்டின் இரு சபைகளும் நிறைவேற்றிய ஒரு திருத்தத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. குடும்பன், பள்ளன், பண்ணாடி, காலாடி, கடையன், வாதிரியான், தேவேந்திரகுலத்தான் என்று அட்டவணையில் தனித்தனியாக இருந்த 7 பெயர்கள் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயருக்குள் வந்தன. சலுகையில் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. சுத்தமான பெயர்ச் சட்டம். தேர்தலுக்குச் சில வாரம் முன்பு வந்தது என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆனால் வசவாகவே கூப்பிடப்பட்ட பெயரைச் சான்றிதழில் எழுதித் தர வேண்டியிருந்தவனிடம் போய் இது குறியீடுதானே என்று சொல்ல, 1997-ல் அந்த பஸ் போன ரோட்டில் குடியிராத ஒருவரால்தான் முடியும். அட்டவணையிலிருந்தே வெளியேற்ற வேண்டும் என்று ஒரு பகுதியினர் சேர்த்துக் கேட்ட இன்னொரு கோரிக்கையைச் சட்டம் தொடவில்லை. வாசுதேவநல்லூர் ரிசர்வ் தொகுதியாகவே இருக்கிறது, ராயகிரி அதற்குள்தான்.