காற்றுக்கு எவ்வளவு குனிவது?

சவளக்கடையிலிருந்து கல்முனைக்குச் சைக்கிளில் போய் வருபவர்களுக்குக் காற்றைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கிட்டங்கித் தாம்போதியைச் சுற்றி வயலும் தண்ணீரும்தான்; காற்றை மறிக்க ஒரு மதில்கூட இல்லை. கச்சான் வீசும் மாதங்களில் மேற்கு நோக்கி வீடு திரும்பும்போது, யாரும் சொல்லித் தராமலே முதுகு வளைகிறது, முழங்கைகள் விலாவோடு ஒட்டிக்கொள்கின்றன, நாடி ஹேண்டிலை நோக்கி இறங்குகிறது.

டைம் ட்ரயல் எனப்படும் சைக்கிளோட்டம் இந்த இயல்பான குனிதலை ஒரு கணக்காக மாற்றியிருக்கிறது. இதில் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு அனுப்பப்படுவார்கள். இன்னொருவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காற்றிலிருந்து தப்ப முடியாது. ஆகவே இதில் முதல் எதிரி காற்றுத்தான். அந்தக் காற்றின் முன் எப்படி உட்காருவது என்பதே இக்கட்டுரையின் விடயம்.

கணக்கு என்ன சொல்கிறது?

காற்றில்லாத வேளையில் வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். அந்தத் தடையை வெல்லத் தேவையான வலு எட்டு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் சமதரையில் ஓடும் ஒருவரின் உழைப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. அந்தத் தடையிலும் ஏறத்தாழ முக்கால் பங்கு சைக்கிளால் வருவதல்ல, ஓட்டுபவரின் உடலால் வருவது.

காற்றுக்கு முன்னால் தெரியும் உடலின் பரப்பையும், அந்த உருவம் எவ்வளவு வழுக்கிக்கொண்டு போகிறது என்பதையும் பெருக்கினால் கிடைப்பது தடைப் பரப்பு. சாதாரண ரேஸ் சைக்கிளில் வளைந்த ஹேண்டிலின் கீழ்ப்பகுதியைப் பிடித்து ஓட்டுபவருக்கு அது சுமார் 0.32 சதுர மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். நன்றாக அமைந்த டைம் ட்ரயல் நிலையில் 0.24 வரை குறையலாம். நம் கரையோர வெப்பத்தில், 40 கிலோமீற்றர் வேகத்தில், முதலாமவர் காற்றுக்கு மட்டும் சுமார் 255 வாற்று கொடுக்க வேண்டும். இரண்டாமவருக்கு 191 போதும். மிச்சமாகும் 64 வாற்று, பழைய மின்குமிழ் ஒன்றை எரிக்கப் போதுமானது. கால்களுக்கு அது மிகப் பெரிய தொகை.

எட்டு செக்கன்கள்

இதை உலகம் கண்ணால் கண்ட நாள் 1989 ஜூலை 23. டூர் டி பிரான்ஸ் போட்டியின் கடைசி நாளன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீற்றர் டைம் ட்ரயல். அமெரிக்கரான கிரெக் லெமொண்ட், பிரான்ஸின் லோரோன் ஃபின்யோனைவிட 50 செக்கன்கள் பின்தங்கியிருந்தார். அந்தத் தூரத்தில் அதைப் பிடிக்க முடியாது என்றே பலரும் நினைத்தார்கள். லெமொண்ட் டிரையத்லன் வீரர்கள் பாவித்த நீட்டுக் கம்பிகளைத் தன் ஹேண்டிலில் பூட்டி, முழங்கைகளை மெத்தைகளில் ஊன்றி, கைகளை முன்னால் நீட்டி ஓட்டினார். தலையில் காற்றைப் பிளக்கும் வடிவிலான தலைக்கவசம். ஃபின்யோன் அத்தகைய கம்பிகளோ தலைக்கவசமோ இல்லாமல், பின்னால் கட்டிய முடி காற்றில் ஆட ஓட்டினார். லெமொண்ட் அன்று 58 செக்கன்கள் முந்தி, முழுப் போட்டியையும் 8 செக்கன் வித்தியாசத்தில் வென்றார். ஃபின்யோனுக்கு இருக்கைப் புண் வலியும் இருந்தது; ஆகவே எல்லாம் கம்பியால்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அதற்குப் பிறகு அந்தக் கம்பிகளை யாரும் வேடிக்கையாகப் பார்க்கவில்லை.

ஓப்ரீயின் முட்டை வடிவம்

ஸ்கொட்லாந்தின் கிரேம் ஓப்ரீ இன்னும் தூரம் போனார். தானே கட்டிய, சலவை இயந்திரத்தின் பெயாரிங் பூட்டிய சைக்கிளில், கைகளை மடித்து நெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டு, 1993 ஜூலை 17 அன்று நோர்வேயின் ஹாமரில் ஒரு மணித்தியாலத்தில் 51.596 கிலோமீற்றர் ஓடி உலக சாதனை படைத்தார். முதல் நாள் முயன்று தோற்று, மறுநாள் காலையே திரும்பி வந்து செய்த சாதனை அது. ஆறு நாட்களில் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன் அதை முறியடித்தார். 1994 ஏப்ரலில் ஓப்ரீ 52.713 கிலோமீற்றருடன் அதை மீட்டார். அதே ஆண்டு சர்வதேச சைக்கிளோட்டச் சம்மேளனம் அவருடைய நிலையைத் தடைசெய்தது. அவர் கைகளை முழுவதுமாக முன்னே நீட்டும் ‘சூப்பர்மேன்’ நிலையைக் கொண்டுவந்தார். பின்னர் அதுவும் தடைசெய்யப்பட்டது.

அந்த நிலையில் போர்ட்மன் 1996இல் ஓடிய தூரம் 56.375 கிலோமீற்றர். 2000ஆம் ஆண்டில், 1972இன் எடி மெர்க்ஸ் பாவித்தது போன்ற சைக்கிளிலும் நிலையிலும் அவர் ஓடியது 49.441. நான்கு வயது கூடியிருந்தது, சில்லும் கவசமும் மாறியிருந்தன. அப்படியிருந்தும் ஒரே மனிதரிடம் ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் வித்தியாசம்.

இன்றும் நிலையைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. 2023 முதல் வீரரின் உயரத்தை 180 சென்றிமீற்றருக்குக் கீழ், 180 முதல் 190 வரை, அதற்கு மேல் என மூன்றாகப் பிரித்து, கைகளை எவ்வளவு முன்னும் மேலும் வைக்கலாம் என்று வரையறுத்திருக்கிறார்கள்.

மிகத் தாழ்ந்த நிலை சரியான நிலை அல்ல

தொலைக்காட்சியில் வீரர்களைப் பார்க்கும் இளைஞர்கள் முதலில் செய்வது ஹேண்டிலை இயன்றவரை இறக்குவது. அங்கேதான் பிழை தொடங்குகிறது. முன்பகுதியை மட்டும் இறக்கினால் தொடைக்கும் வயிற்றுக்கும் இடையிலான கோணம் ஒடுங்கும். கால் மேலே வரும்போது முட்டுப்படும், மூச்சு அடைக்கும், வலு குறையும். காற்றில் 20 வாற்று மிச்சம் பிடித்து, கால்களில் 30 வாற்று இழந்தால் நட்டம்தான்.

ஆகவே உடலை முழுவதுமாக முன்னோக்கிச் சுழற்ற வேண்டும். இருக்கையைச் சற்று முன்னே தள்ளி, அதற்கேற்பக் கொஞ்சம் உயர்த்தினால், முன்பகுதி இறங்கினாலும் இடுப்புக் கோணம் திறந்தே இருக்கும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் முற்றாக நீளாமல் 30 பாகை அளவு மடிந்திருப்பது பொதுவான தொடக்கம். முழங்கைகள் தோளுக்கு நேர்கீழாகவோ சற்று முன்னாலோ மெத்தையில் ஊன்றியிருக்க வேண்டும். அப்போதுதான் உடல் பாரத்தை எலும்பு தாங்கும், தசை ஓய்வெடுக்கும். தோள்களை ஒடுக்கி, தலையை அவற்றுக்கிடையே இறக்குவதற்கு ஒரு சதமும் செலவில்லை. பலருக்கு ஹேண்டிலை மேலும் இறக்குவதைவிட அது கூடுதல் பலன் தரும். காற்றில் படபடக்கும் சட்டையை மாற்றுவதும் அப்படித்தான்.

நம் வீதியில் எப்படிச் சோதிப்பது?

காற்றுச் சுரங்கம் தேவையில்லை. காற்று எழும்பாத விடியற்காலையில், வாகனம் குறைந்த நேரான வீதியில், ஒரே தூரத்தைப் போய்த் திரும்பி ஓடுங்கள். உடையும் டயர் காற்றும் ஒன்றாக இருக்கட்டும். வலுமானி இருந்தால் ஒரே வலுவில், இல்லாவிட்டால் ஒரே இதயத் துடிப்பில் ஓட்டுங்கள். பழைய நிலை, புதிய நிலை, மீண்டும் புதியது, மீண்டும் பழையது என்ற ஒழுங்கில் செய்தால், வெயிலும் களைப்பும் ஏறுவது கணக்கை ஏமாற்றாது. ஒரு தடவையில் ஒன்றை மட்டும், 5 மில்லிமீற்றர் அளவில் மாற்றுங்கள். ஒருவரைக் கொண்டு முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் தொலைபேசியில் படம் பிடியுங்கள்.

இருபது நிமிடம் அசையாமல் இருக்க முடியாத நிலை உங்களுடையதல்ல. அடிக்கடி எழும்பி அமரும் ஒவ்வொரு முறையும் சேமித்ததைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். கழுத்து வலி, கை விறைப்பு, கவட்டில் மரத்துப்போதல் வந்தால் பழகிவிடும் என்று பொறுக்க வேண்டாம், அமைப்பை மாற்றுங்கள். மாற்றிய பின்னும் தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று: கைகள் நீட்டுக் கம்பியில் இருக்கும்போது பிரேக் எட்டாது, தலை தாழ்ந்திருந்தால் வீதியும் தெரியாது. கட்டாக்காலி மாடுகளும் முச்சக்கர வண்டிகளும் குறுக்கிடும் அக்கரைப்பற்று – கல்முனைப் பிரதான வீதி இதற்குரிய இடமல்ல. அங்கே கை பிரேக்கில் இருக்கட்டும், தலை நிமிர்ந்திருக்கட்டும். குனிவதை, எதிரே ஒன்றும் வராத வயல் வீதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.