ஏர் இந்தியா – இந்தியன் ஏர்லைன்ஸ் கல்யாணம்

இரண்டுமே அரசாங்கத்தின் பிள்ளைகள்தான். 1953-ல் விமானப் போக்குவரத்தை நாட்டுடைமை ஆக்கியபோது வெளிநாட்டுக்கு ஒன்று, உள்நாட்டுக்கு ஒன்று என்று பிரித்தார்கள். எட்டுத் தனியார் கம்பெனிகளைச் சேர்த்துப் பிறந்தது இந்தியன் ஏர்லைன்ஸ். ஏர் இந்தியாவோ 1978 வரை ஜே.ஆர்.டி. டாட்டாவின் தலைமையில் வளர்ந்தது.

அரை நூற்றாண்டுக்கு மேல் தனித்தனிக் குடித்தனம். மகாராஜா பொம்மையோடு லண்டன், நியூயார்க் பறந்தவர்களுக்கு, உலகம் பார்த்தவர்கள் என்ற பெருமிதம். மதுரைக்கும் திருச்சிக்கும் ஓட்டியவர்களுக்கோ, ஒரே நாளில் பல முறை ஏறி இறங்கி உழைப்பது நாங்கள்தானே என்ற எண்ணம்.

2007-ல் இருவரையும் சேர்த்து வைத்தார்கள். பெயர் ஏர் இந்தியா. சின்னத்தில் பறக்கும் அன்னம், அதற்குள் கோனாரக் சக்கரம். சின்னம் சுலபமாகச் சேர்ந்துவிட்டது. சம்பளமும் பதவி உயர்வும் சீனியாரிட்டியும் சேரவில்லை. சங்கங்களும் தனித்தனியாகவே இருந்தன.

2011-ல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் சம ஊதியம் கேட்டுப் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறு வருஷம் எதிர்த்தரப்பு. புதிய போயிங் 787 விமானத்தில் அவர்களுக்கும் பயிற்சியா என்று, பழைய ஏர் இந்தியா பைலட்டுகள் ஏறக்குறைய இரண்டு மாதம் வேலைக்கு வரவில்லை. இடையில், இரு தரப்பையும் சமன்செய்ய நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் ஒரு குழுவே போட வேண்டியிருந்தது. கல்யாணம் முடிந்து ஐந்து வருஷம் ஆகியும் 'அவர்கள்', 'நாங்கள்' என்ற பேச்சு போகவில்லை.

பணத்தாசை என்று சிலர் திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் வேலை பார்த்த வங்கியிலும் ஓர் இணைப்பு நடந்தது. பல வருஷம் கழித்தும் கேன்டீனில், "சார், நீங்க அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?" என்று கேட்பார்கள். இருபது வருஷ சர்வீஸ் போட்டவனை ஒரே உத்தரவில் யாருக்கோ ஜூனியர் ஆக்கினால், அவனுக்குப் போவது சம்பளம் மட்டுமல்ல, மரியாதையும்தான்.

2022-ல் ஏர் இந்தியா மறுபடி டாட்டாவிடம் போனது. 2024 நவம்பரில் விஸ்தாராவும் அதனுடன் சேர்ந்தது. மறுபடியும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ். இந்த முறையாவது, வர்ணம் அடிக்கும் முன்பு சீனியாரிட்டிப் பட்டியலை எல்லோருக்கும் நியாயமாகப் போட்டிருப்பார்கள் என்று நம்புவோம்.

இணைப்பைப் பார்த்த நண்பர்கள் தங்கள் அனுபவத்தையும் எழுதுங்களேன்.