ஆளுக்கு ஒரு விலை இல்லை

இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில், 17ஆம் நூற்றாண்டில், பட்டு வாங்கப் பெரிய மனிதர்கள் கடைத்தெருவுக்குப் போக வேண்டியதில்லை; கடையே வீடு தேடி வந்தது. ஜவுளி வியாபாரி பிரபுக்களின் மாளிகைகளுக்கு ஆளனுப்பி, வேண்டியதைக் கேட்டுக்கொண்டு, பிறகு சரக்கைச் சுமந்துவந்து விரித்துக் காட்டுவார். பணத்தை உடனே கேட்க மாட்டார். கணக்கு ஆண்டுக்கு இரண்டு தவணையிலோ ஆண்டுக் கடைசியில் ஒரே தடவையாகவோ தீரும். வாடிக்கையாளரைக் கவனிப்பதில் இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் அந்தக் கவனிப்பின் செலவெல்லாம் துணியின் விலையில் ஏறியிருந்தது: மாதக்கணக்கில் முடங்கிய முதலின் வட்டி, வராமல் போகும் கடன், சுமந்து வந்தவரின் கூலி. விலையும் ஆளைப் பார்த்துச் சொல்லப்பட்டது. நல்ல கடைச் சேவையின் வரலாற்றை இந்த உபசாரத்திலிருந்து தொடங்குவது தவறு என்பது என் கருத்து. உபசாரத்தைக் குறைத்துக்கொண்டு, தன் கையைத் தானே கட்டிப்போட்ட ஒரு கடையிலிருந்துதான் அதைத் தொடங்க வேண்டும்.

அந்தக் கடையின் பெயர் எச்சிகோயா. இசே மாகாணத்து மட்சுசாக்கா ஊர்க்காரரான மிட்சுயி தகாதோஷி, ஐம்பது வயதுக்குப் பிறகு, 1673இல் அதை எடோவில் தொடங்கினார். எல்லோருக்கும் ஒரே விலை, பேரம் கிடையாது, ரொக்கம் மட்டுமே, விற்பனை கடையிலேயே என்பவை அவர் வகுத்த விதிகள். ஒரு கிமோனோவுக்கு ஆகும் முழு நீளத்தைத்தான் விற்பது என்ற வழக்கத்தையும் விட்டுவிட்டு, கேட்ட அளவுக்குத் துணி வெட்டிக் கொடுத்தார்கள். 1688இல் இஹாரா சைகாகு என்ற எழுத்தாளர், வணிகர்களைப் பற்றிய தன் நூலில் இந்தக் கடையை வியந்து விவரிக்கிறார். வெல்வெட் மூன்று சென்டிமீட்டர் சதுரம் போதும் என்றாலும் கிடைக்கும். முடி பிடுங்கும் இடுக்கியை வைக்கும் சிறு பைக்கு மட்டும் பட்டு கேட்டாலும் கிடைக்கும். நாற்பதுக்கும் மேற்பட்ட சிப்பந்திகள், ஒவ்வொரு துணி வகைக்கும் ஒருவர். அவசரமென்றால் உடனே தைத்துக் கொடுக்கக் கடைக்குள்ளேயே தையற்காரர்கள். அன்றாட விற்பனை சராசரியாக 150 ரியோ பொன் நாணயங்கள் என்கிறார் அவர். பழைய ஜவுளிக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை; தொழிலில் ஒதுக்கிவைத்தார்கள், கடையின் சமையற்கட்டுக்கு நேராகக் கழிவறை கட்டினார்கள் என்றுகூடச் சொல்லப்படுகிறது. பெரும் தீ விபத்துக்குப் பிறகு 1683இல் எச்சிகோயா சுருகாச்சோ தெருவுக்கு மாறியது. ரொக்கம், ஒரே விலை என்ற விதியைத் துண்டறிக்கையாக அச்சிட்டு ஊரெங்கும் வினியோகித்தது. 1687இல் நாட்டை ஆண்ட ஷோகனின் அரண்மனைக்கே துணி கொடுக்கும் உரிமை அதற்குக் கிடைத்தது.

இதெல்லாம் லாபக் கணக்குதானே, இதில் சேவை எங்கே வந்தது என்று கேட்கலாம். கணக்குதான். ரொக்கம் வந்தால் முதல் வேகமாகச் சுழலும். குறைந்த லாபத்தில் நிறைய விற்கலாம். மழை நாளில் அந்தக் கடை இரவல் கொடுத்த குடைகளிலும் கடையின் முத்திரை இருந்தது, தெருவெல்லாம் விளம்பரம். ஆனால் குடை பிடித்தவர் நனையவில்லை என்பதும் உண்மை. கடைக்காரரின் நல்ல மனத்தை மட்டும் நம்பிய கவனிப்பு, அவர் மனம் மாறும் நாளில் போய்விடும்; கடைக்கு லாபமாகவும் இருக்கும் விதி நீடிக்கும். அதே நூற்றாண்டில் இங்கிலாந்தின் குவேக்கர் சமயத்தார் வேறு வழியாக ஒரே விலை என்ற இதே இடத்துக்கு வந்தார்கள். கொடுக்க எண்ணிய விலையைவிடக் கூட்டிச் சொல்வது பொய் என்று அவர்கள் மனசாட்சி உறுத்தியது. முதலில் வாடிக்கை குறைந்தது. பிறகு, குழந்தையை அனுப்பினாலும் பெரியவர்களுக்குக் கொடுக்கும் அதே விலைக்குச் சரக்கு கிடைக்கிறது என்று தெரிந்ததும் கூட்டம் திரும்பியது.

பேரத்தை ஆதரிப்பவர்களுக்கு அந்தக் குழந்தையே போதுமான பதில். பேரம் பேசுவது மனிதர்களுக்கிடையே பழக்கத்தை வளர்க்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாமர்த்தியசாலி குறைத்துக்கொண்ட காசு, வாய் பேசத் தெரியாதவர், ஊருக்குப் புதியவர், சரக்கின் தரம் அறியாதவர் ஆகியோரின் தலையில்தான் விழுகிறது. விலை ஒன்றே என்றாகிவிட்டால் சிப்பந்திக்கும் வந்தவரின் உடையை எடைபோடும் வேலை இல்லை. துணியைப் பற்றிப் பேசினால் போதும். ஒரு சிப்பந்திக்கு ஒரே துணி வகை என்ற ஏற்பாடு பொருந்திப்போனது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

கடனைப் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ரொக்கம் மட்டும் என்றால் கையில் காசில்லாதவர் வெளியே நிற்க வேண்டியதுதானே? எடோவின் பட்டுக் கடன் வசதியுள்ள வீடுகளுக்குப் போனது, ஏழைகளுக்கு அல்ல. சிறு வருவாய்க்காரருக்கு உதவியது வெட்டிக் கொடுத்த துண்டுத் துணிதான். ஆனால் இந்தப் பதில் பட்டுக்குப் பொருந்தும், அரிசிக்குப் பொருந்தாது. மாதக் கடைசியில் பற்றுக் கணக்கில் எழுதிக்கொண்டு சாமான் கொடுக்கும் தெருமுனை மளிகைக் கடைக்காரர், அதற்காக விலையைக் கூட்டாமலும் எடையில் கை வைக்காமலும் இருந்தால், எச்சிகோயா தராத ஒன்றைத் தருகிறார். ஒரே விலை என்ற விதியால் அந்தக் குறையை நிரப்ப முடியாது.